ஆங்கிலக் கையேடும் முதல் ஐம்பது மணி நேரமும்

தாளவாடியில் அப்பா சென்ற ஆண்டு ஒரு மினி டிராக்டர் வாங்கினார். மூன்றாம் மாதமே அது மஞ்சள் காட்டில் நின்றுவிட்டது. டீசல் முற்றிலும் தீர்ந்திருந்தது. மீண்டும் நிரப்பியும் எஞ்சின் கிளம்பவில்லை. பாட்டரி இறங்கும்வரை சாவியைத் திருப்பிப் பார்த்தார். நான்காம் நாள் வந்த மெக்கானிக் டீசல் ஃபில்டரின் மேலிருந்த சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழிகள் அடங்கும்வரை டீசலை வழியவிட்டுத் திருகை இறுக்கினார். கால் மணி நேர வேலை. "ஏர் பிடிச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார்.

சிக்கல் அத்துடன் முடியவில்லை. ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசிவதை அப்பா காட்டியபோது, அவர் ஹவர் மீட்டரைப் பார்த்தார். அது 80ஐத் தாண்டியிருந்தது. 50 மணி நேரத்தில் செய்திருக்க வேண்டிய முதல் சர்வீஸ் செய்யப்படவில்லை. ஆகவே வாரண்டி செல்லாது என்று பின்னர் கடிதம் வந்தது. பழுதுபார்த்த செலவு எங்கள் தலையில் விழுந்தது.

முதல் சர்வீஸ் வெறும் சடங்கன்று. புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து படியும்போது உதிரும் உலோகத் துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. அதனால்தான் எண்ணெயையும் ஃபில்டரையும் விரைவில் மாற்றச் சொல்கிறார்கள். காற்றை எடுக்கும் முறையும் சர்வீஸ் கெடுவும் கையேட்டில் தெளிவாகவே உள்ளன, ஆங்கிலத்தில். அப்பா தமிழும் கன்னடமும் படிப்பார்.

வண்டியை ஒப்படைக்கும்போதே எல்லாவற்றையும் வாயால் விளக்கிவிடுகிறோம் என்பது விற்பனையாளர் தரப்பு வாதம். விளக்கம் வாய்மொழியில் நிகழ்கிறது; மறுப்போ எழுத்தில் வருகிறது. வழக்கென்று வந்தால் எழுத்தே நிற்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தீங்கைத் தடுக்கப் போதிய பயன்பாட்டு அறிவுறுத்தல்கள் இல்லாத பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. வாங்குபவருக்குப் புரியாத மொழியிலுள்ள அறிவுறுத்தல் எவ்வாறு போதியதாகும்?

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது முதலில் கருதிய துறைகளுள் வேளாண் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், வேளாண் இயந்திரங்களுக்கான கையேடுகளையும் உதிரிபாகங்களையும் கருவிகளையும் உழவர்களுக்குத் தருமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. அங்கே கையேடு கிடைக்கவில்லை என்பது வழக்கு. இங்கே கையேடு கையில் இருந்தும் உரிமை கைக்கு எட்டவில்லை.

மொழியியல் பயின்றவர்களுக்கு இதில் நேரடிப் பங்குண்டு. கிளட்சை 'உரசிணைப்பி' என்று எழுதும் கையேடு அப்பாவுக்கு ஆங்கிலத்தைப் போலவே அந்நியமானது. 'ஏர் பிடிப்பது', 'ஏர் எடுப்பது' என்று கடன்பெயரோடு தமிழ் வினையைச் சேர்த்துப் பட்டறைகள் ஏற்கெனவே ஒரு துறைமொழியை உருவாக்கிவிட்டன. அதைத் தொகுப்பதும் அதில் எழுதுவதுமே நமது பணி. இதே மைசூருவில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் உயர்கல்விப் பாடநூல்களை மொழிபெயர்க்கிறது. உழவரின் கையேடும் அறிவுநூல் என்று நாம் ஏற்க வேண்டும்.

மாநில மொழியில் கையேடு இன்றி டிராக்டர் விற்கக் கூடாது. முதல் சர்வீஸின் மணிக்கணக்கு, விற்பனை ரசீதிலேயே அம்மொழியில் அச்சாக வேண்டும். இவ்விரண்டு விதிகள் இருந்திருந்தால், அப்பா அந்த நான்கு நாட்களையும் பழுதுச் செலவையும் இழந்திருக்க மாட்டார்.