மருந்தா, முத்திரையா?

ஜுமுஆத் தொழுகை முடிந்ததும், புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் துண்டேந்தி நிற்கும் குடும்பங்களைக் கீழ்க்கட்டளை, தாம்பரம் வட்டாரப் பள்ளிவாசல் வாயில்களில் நாம் காண்கிறோம். சமுதாயம் கொடுக்கிறது, ஸதகாவும் ஜகாத்தும் கொடுக்கிறது. அந்தப் பணம் மருந்துக்குப் போகிறதா, மருந்தின்மேல் அச்சிட்ட பெயருக்குப் போகிறதா என்று எவரேனும் கேட்டதுண்டா?

கேட்பதற்கான நியாயம் நம் சென்னையிலேயே பிறந்தது. இரத்தப் புற்றுநோய் வகையொன்றுக்கு உயிர்காக்கும் மருந்து இமாட்டினிப். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘கிளீவெக்’ என்னும் பெயரில் விற்ற அம்மருந்துக்கு மாதச் செலவு ஏறத்தாழ ரூ. 1,20,000. இந்திய நிறுவனங்களோ அதனை ரூ. 8,000 முதல் 10,000 வரையில் தந்தன. நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

சட்டம் திறந்த கதவை மருத்துவரின் எழுதுகோல் சாத்தலாமா? ‘ஜெனரிக்’ எனப்படும் பொதுப்பெயரிலேயே மருந்து எழுத வேண்டுமெனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி செய்தது. மருத்துவர் சங்கத்தினர் எதிர்த்தனர். அதே மாதத்தில் அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

‘மலிவு மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு?’ என்பது அவர்கள் வாதம். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. புற்றுநோயாளிக்கு வீரியமற்ற மருந்து நஞ்சுக்குச் சமம். ஆனால், தரத்துக்குச் சான்று ஆய்வுக்கூடமேயன்றி விலைச்சீட்டு அன்று. நம் நாட்டில் வணிகப் பெயர் தாங்கி விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை காப்புரிமை நீங்கிய மருந்துகளே. பெயர் சூட்டியதனாலேயே மாத்திரை தூய்மை பெற்றுவிடாது. ஐயமிருப்பின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை நோக்கிச் சங்கங்கள் குரல் எழுப்பட்டும். சோதனை முடிவுகளை வெளியிடச் சொல்லட்டும். ஐயத்தின் விலையை ஏழை நோயாளி ஏன் செலுத்த வேண்டும்?

மருத்துவர் கையில் நோயாளியின் உடல் மட்டுமன்று, அவர் வீட்டு நகையும் மனையும் அமானத்தாக இருக்கின்றன. தரமுள்ள மலிவு மருந்து உண்டென அறிந்தும் சொல்லாதிருப்பது அந்த அமானத்துக்கு இழைக்கும் துரோகமே. அதனை எடுத்துச் சொல்லி, நம்பகமான நிறுவனத்தின் குறைந்த விலை மருந்தையே எழுதித் தரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்; அவர்களை நாம் வாழ்த்துகிறோம்.

நம் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வோம். கடையில் நீங்களாகவே மருந்தை மாற்றாதீர்கள், அது ஆபத்து. மருத்துவரிடமே கேளுங்கள்: இதன் பொதுப்பெயர் என்ன? தரமானதும் விலை குறைந்ததும் உண்டா? ஜமாஅத் நிர்வாகிகளும் உதவி வழங்குமுன் இதனைக் கேட்கட்டும். மரியாதையோடு கேட்பது அவமதிப்பாகாது. கேளாதிருந்தால், ஏழையின் உரிமையான ஜகாத் பணம் வெறும் முத்திரைக்குக் காணிக்கையாகும்.