இல்லமும் நகரும்: வாசலுக்கு அப்பால்

வயலுக்குக் குப்பை அடித்தல் என்று ஒரு வழக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. வீட்டுக் கொல்லையில் பல மாதங்களாகச் சேர்ந்து மக்கிய எருவை, உழவுக்கு முன்னர் வண்டியில் ஏற்றிச் சென்று வயலில் கொட்டுவதற்கு அப்பெயர். அவ்வழக்கில் குப்பை என்றால் எரு என்றே பொருள். காய்கறித் தோல், அடுப்புச் சாம்பல், சாணம், பெருக்கிய சருகு ஆகிய யாவும் எருக்குழிக்குச் சென்றன. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. உண்ட இலையை மாடு தின்றது. வெளியே எறிவதற்கென்று மிஞ்சியது மிகச் சிறிதே.

அத்தகைய வீடுகளிலிருந்து புறப்பட்டு வந்தவர்களின் மக்களும் பேரர்களும் நாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடியேறி, இம்மாநகரின் பெயர் பம்பாயிலிருந்து மும்பை என மாறியதையும் கண்டுவிட்டோம். ‘குப்பை’ என்ற சொல்லையும் உடன் கொண்டுவந்தோம். பொருளைத்தான் வழியில் எங்கோ விட்டுவிட்டோம். இன்று குப்பை என்பது வீட்டினின்றும் விரைந்து அகல வேண்டிய ஒன்று. அகன்றபின் நினைக்க வேண்டாத ஒன்று. காலையில் வாளியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வாசலுக்கு அப்பால் அது எங்குச் செல்கிறது என்பதையே இத்திங்கள் எழுத விரும்புகிறேன்.

செம்பூரில் வாழும் அன்பர்கள் இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஹார்பர் வழி இரயிலில் செம்பூருக்கு அடுத்த நிலையம் கோவண்டி. அதன் அருகே தேவ்நார்க் குப்பைமேடு இருக்கிறது. 1927ஆம் ஆண்டு முதல் நகரின் கழிவு அங்கே கொட்டப்பட்டு, முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், சில இடங்களில் பல மாடிக் கட்டிடங்களின் உயரத்துக்கு எழுந்து நின்றது. 2016 சனவரி இறுதியில் அம்மேடு பற்றிக்கொண்டது. பல நாட்கள் அணையாது புகைந்தது. சுற்றுப்புறத்து மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. விண்ணில் சுழலும் செயற்கைக்கோளின் படத்திலும் அப்புகை தெரிந்தது. மார்ச்சில் மீண்டும் எரிந்தது.

தீயைத் தொடங்கியவர் எவர் என்னும் வினா காவல் துறையினருக்கு உரியது. அது ஏன் அத்தனை நாள் எரிந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளலாம். காய்கறித் தோலும் சோறும் காற்றுப்படும் இடத்தில் மக்கினால் எருவாகும். அவையே காற்றுப் புகாதபடி மேலும் மேலும் மூடப்பட்டு அழுகினால் மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. அஃது எளிதில் தீப்பற்றக் கூடியது. எரியாமல் வானில் கலந்தாலும் தீங்கே. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்குக்கு மேல் உலகைச் சூடாக்க வல்லது. அழுகலிலிருந்து வடியும் கருநீரோ அருகிலுள்ள தாணே கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. ஆண்டுதோறும் பூநாரைகள் வந்து தங்கும் அக்கழிமுகம் 2015இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது; 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆக, நம் வீட்டு முருங்கைக்காய்ச் சக்கையும் காப்பிச் சக்கையும் தம்மளவில் குற்றமற்றவை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள், உடைந்த கண்ணாடியோடும் பழைய மின்கலத்தோடும் முடிச்சிட்டு நாம் அனுப்புகிறோமே, அப்போதுதான் அவை நஞ்சாகின்றன.

முலுண்டுக் குப்பைமேடு 2018இல் மூடப்பட்டபோது அங்குள்ள நம்மவர் மகிழ்ந்தனர். மகிழ வேண்டியதுதான். ஆயினும் நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கு மேல் இந்நகர் வெளியேற்றும் கழிவு குறைந்துவிடவில்லை. அதன் பெரும்பகுதி காஞ்சூர்மார்கில், அதே கழிமுகத்தின் கரையில் உள்ள இடத்துக்குத் திரும்பிற்று. விக்ரோளியிலும் காஞ்சூரிலும் வாழ்வோர் துர்நாற்றம் பற்றி நீதிமன்றத்தை நாடினர். ஒரு பேட்டையினர் விடும் நிம்மதிப் பெருமூச்சு மற்றொரு பேட்டையினரின் மூக்கை அடைக்கிறது.

தேவ்நாரை அடுத்துக் குடிசைகளில் வாழும் மக்களின் நிலை இன்னும் கடியது. மாநகராட்சி 2009இல் வெளியிட்ட மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், நகரின் வட்டங்கள் யாவற்றினும் கடைசி நிலையில் நின்றது அவ்வட்டமே. அங்குள்ள பெண்கள் பலர், நாம் முடிச்சிட்டு எறிந்த பையை அவிழ்த்துக் கையால் பிரித்துப் பிழைத்தவர்கள். 1975இல் தோன்றிய ‘ஸ்திரீ முக்தி சங்கடனா’ என்னும் மகளிர் அமைப்பு, 1998 முதல் இத்தகைய பெண்களை ஒன்றுதிரட்டி, அவர்களுக்கு அடையாள அட்டையும் பயிற்சியும் தர முற்பட்டது. மேட்டில் பொறுக்குவதை விட்டுக் குடியிருப்புகளிலேயே கழிவைப் பிரித்து எருவாக்கும் வேலையில் அவர்களுள் பலர் அமர்ந்தனர்.

இங்கே நம்மவரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது, சிலருக்குக் கசக்கலாம். தூய்மையில் நமக்குள்ள பெருமிதம் பெரிது. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுகிறோம். எச்சில், தீட்டு என்ற சொற்கள் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உண்டு மிஞ்சியதை வீட்டுக்குள் ஒரு பானையில் வைப்பதா என்று மூத்தோர் முகம் சுளிப்பதன் காரணமும் அதுவே. ஆனால், நாம் தொடக் கூசுவதை எவரோ ஒரு பெண் தொட்டே தீர வேண்டியிருக்கிறது. ஈரக் கழிவும் உலர்ந்ததும் கலந்து அவள் கைக்குப் போவதற்கும், இரண்டும் தனித்தனியே போவதற்கும் உள்ள வேறுபாட்டை, மாதவிலக்குத் துணியைப் பழந்தாளில் சுற்றிக் குறியிட்டு வைத்தல் போன்ற சிறு செயல்களின் அருமையை, அவளைக் கேட்டால் சொல்வாள். கொல்லையில் எருக்குழி வைத்திருந்த நம் பாட்டிமார் ஆசாரத்தில் நம்மினும் குறைந்தவர் அல்லர் என்பதையும் மாமியார்மார் எண்ணிப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. தாராவியில் கும்பார்வாடா என்ற பகுதி இருக்கிறது. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பல தலைமுறைகளாக அங்கே மண்பாண்டம் வனைகின்றனர். ஊரை விட்டு வந்தவர்கள் என்ற முறையில் நமக்கு உறவினர் எனலாம். அவர்களிடம் வாய் அகன்ற பானை இரண்டு வாங்கிப் பக்கங்களில் சிறு துளையிடச் சொல்லுங்கள். நால்வர் கொண்ட குடும்பத்தின் சமையலறையில் நாளொன்றுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு சேரும். பானையின் அடியில் மூன்று விரற்கடை அளவு தேங்காய் நார்த்தூளோ காய்ந்த சருகோ பரப்பி, அதன்மேல் அன்றன்றைய தோலையும் சக்கையையும் சிறிது நறுக்கிப் போட்டு, மறுபடி ஒரு கைப்பிடி சருகால் மூடுங்கள். தொடக்கத்தில் புளித்த மோர் சிறிது தெளித்தால் போதும்; மருந்து எதுவும் விலைக்கு வாங்க வேண்டா. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். முதற்பானை நிறைந்ததும் அதை ஒதுக்கி வைத்து இரண்டாவதைத் தொடங்கலாம். ஏறக்குறைய இரண்டு திங்களில் முதற்பானையில் உள்ளது கால்பங்காகச் சுருங்கிக் கறுத்து, புதுமழை நனைத்த மண்ணைப்போல் மணக்கும்.

நாறினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகு சேர்க்க வேண்டும். புழு நெளிந்தாலும் அதுவே மருந்து. எண்ணெய்ப் பதார்த்தமும் மிகுதியான சோறும் எலியை அழைக்கும். அவற்றைப் பானையில் இடாமல் இருப்பதே நன்று. சோறு மிகாதபடி உலை வைப்பது அதனினும் நன்று. கொட்டாங்கச்சியும் புளியங்கொட்டையும் எளிதில் மக்கா. கோயிலிலிருந்து வரும் மல்லிகைச் சரத்தில் நூல் நைலானாக இருந்தால் உருவிவிட வேண்டும். மும்பையின் மழைக்காலம்தான் உண்மையான சோதனை. ஆனி தொடங்கி நான்கு திங்கள் காற்றே ஈரமாக இருக்கையில் உலர்ந்த சருகுக்கு எங்கே போவது? மாசி பங்குனியில் வாதுமை மரங்கள் இலை உதிர்க்கும்போது, காவலாளி அவற்றைக் குவித்துக் கொளுத்துவதற்கு முன்னரே இரண்டு சாக்குகளில் கட்டி வைத்துக்கொள்வதே வழி. கொளுத்தும் புகையிலிருந்தும் அக்கட்டிடம் தப்பும்.

தனி வீட்டில் இடமில்லை என்பார் தம் குடியிருப்புச் சொஸைட்டியின் கூட்டத்தில் பேசலாம். 2016ஆம் ஆண்டில் நடுவணரசு வகுத்த விதிகள், மக்குவது, உலர்ந்தது, கேடு தருவது என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்றன. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களும், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் குடியிருப்புகளும் தம் ஈரக் கழிவைத் தாமே எருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி 2017 அக்டோபர் 2 முதல் வற்புறுத்தியது. பல சொஸைட்டிகள் காலநீட்டிப்பு வேண்டி விண்ணப்பம் எழுதுவதில் காட்டிய திறமையை எரு செய்வதில் காட்டவில்லை. பெரிய வளாகங்களுக்கு வேறு வழியும் உண்டு. நம்மவர் பலர் பணிபுரியும் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கிய ‘நிசர்க்ருணா’ என்னும் அமைப்பு, சமையலறைக் கழிவை முதலில் காற்றுப்படவும் பின்னர்க் காற்றின்றியும் இரு கட்டங்களில் செரிக்கச் செய்து, அடுப்பெரிக்கும் வாயுவும் எருவும் தருகிறது. தேவ்நாரில் தீயாகும் அதே மீத்தேன் இங்கே கலத்துள் அடங்கிப் பாத்திரம் சூடாக்குகிறது.

ஈரத்தைப் பிரித்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். உலர்ந்த காகிதத்தையும் புட்டியையும் ரத்திவாலா விலை கொடுத்தே வாங்கிச் செல்வான். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறத்தாலும் இனத்தாலும் பிரித்து, கழுவி, நறுக்கி, மறுபடி மூலப்பொருளாக்குகின்றனர். ஆனால் சாம்பார் படிந்த பையை அவர்களும் விரும்புவதில்லை. பால் பையை அலசிக் காயவைத்துத் தருக. அதன் மூலையை வெட்டும்போது முழுதும் துண்டிக்காமல் ஒட்டவிட்டே வெட்டுக. துண்டிக்கப்பட்ட அச்சிறு முக்கோணம் எவர் கையிலும் சேராமல் சாக்கடைக்கே போகிறது. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகர் மூழ்கியதையும், மித்தி ஆறும் வடிகால்களும் பிளாஸ்டிக்கால் தூர்ந்து கிடந்ததையும் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாநிலம் முழுவதும் பிளாஸ்டிக் பைத் தடை 2018 சூனில் நடைமுறைக்கு வந்தது. மாட்டுங்காக் கடைத்தெருவில் கீரை வாங்கச் செல்லும் நம்மவரின் கையில் மஞ்சள் துணிப்பை அதற்கு முன்னரே இருந்தது என்று சொல்ல ஆசைதான். எல்லார் கையிலும் இருந்ததென்று சொல்ல இயலாது.

நம் சங்க விழாக்களின் பந்தியைப் பற்றியும் ஒரு சொல். வாழையிலை விலை ஏறிவிட்டதென்று வெள்ளிப்பூச்சு மினுக்கும் தாள்தட்டுகளுக்குச் சிலர் மாறினர். அத்தட்டு மக்கவும் மக்காது, விற்கவும் விலைபோகாது. இலை போட்ட பந்தியிலும், ஒவ்வோர் இலைக்கு அருகிலும் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டி வைப்பது மரியாதையாகிவிட்டது. இரண்டு மிடறு குடித்து விட்டுப்போன புட்டிகளைப் பந்தி முடிந்தபின் எண்ணிப் பார்த்தால் விழாக் குழுவினருக்கு வெட்கம் வரும். எவர்சில்வர் டம்ளரும் குவளையும் எங்கே போயின?

எரு சேர்ந்தபின் அதை என்ன செய்வது என்று கேட்பவர் உண்டு. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு துளசியும் அவ்வளவையும் உண்டுவிட மாட்டா. திங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அவற்றுக்குப் போதும். மிகுதியைக் கட்டிடத்தின் முன்னுள்ள நடைபாதை மரங்களுக்கு இடலாம். பல தெருக்களில் அம்மரங்களின் அடியைச் சிமெண்டு நெருங்கி இறுக்கியிருக்கிறது. வட்ட அலுவலகத்துக்கு எழுதி அச்சிமெண்டை உடைக்கச் செய்து, ஒரு முழ அகலத்துக்கேனும் மண்ணைத் திறந்துவிட்டு, ஆனி மழை தொடங்குமுன் அங்கே பானையைக் கவிழ்க்கலாம்.