கருவிக் கொட்டகை: டிராக்டருக்குக் கூடுதல் விளக்கு, எப்படிப் பொருத்துவது?

மழை விட்டு ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வாடகை வண்டிக்காரருக்குப் பகலில் வேறு இடத்தில் வேலை. வெயிலில் வண்டியும் தாங்குவதில்லை, ஓட்டுபவரும் தாங்குவதில்லை. இப்படிப் பல காரணங்களால் இரவு உழவு கூடிவிட்டது. அதோடு சேர்ந்து, டிராக்டரில் ஃபோகஸ் லைட் மாட்டுவது பற்றிய கடிதங்களும் கூடியிருக்கின்றன. அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

45 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருக்கிறேன். இரவில் ரோட்டாவேட்டர் ஓட்ட முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ஃபோகஸ் லைட் மாட்ட நினைக்கிறேன். பேட்டரி தாங்குமா?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

இன்ஜின் ஓடும்போது விளக்குக்கு மின்சாரம் தருவது பேட்டரி அல்ல, ஆல்டர்னேட்டர். நம் ஊரில் டைனமோ என்றே சொல்கிறோம். அது எத்தனை ஆம்பியர் தரும் என்று அதன் மேல் உள்ள தகட்டிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ போட்டிருக்கும். உங்கள் அளவு வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட், 36 ஆம்பியர் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. விளக்கின் வாட்டை 12-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கு என்றால் 220 வாட். அதாவது 18 ஆம்பியருக்குச் சற்று மேல். வண்டியில் ஏற்கெனவே உள்ள ஹெட்லைட், பின் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து 11, 12 ஆம்பியர் என்று வையுங்கள். மொத்தம் 30. ஆல்டர்னேட்டர் முழு அளவைத் தருவது இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். வேகம் குறைந்தால் அதுவும் குறையும். செல்ஃப் எடுத்ததில் பேட்டரி இழந்ததையும் அதுவேதான் நிரப்ப வேண்டும். ஆக, ஹாலஜன் நான்கு என்பது இழுபறிதான்.

அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. நான்கு போட்டால் 80 வாட். 7 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். வெளிச்சமும் குறையாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் எல்.இ.டி. வாங்குங்கள். தண்ணீரும் தூசியும் புகாதவாறு ஐ.பி. 67 தரம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் எல்லா விளக்கையும் எரியவிட்டு, இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் நல்லது. 13-க்குக் கீழே இறங்கினால், ஓட ஓட பேட்டரி காலியாகிறது என்று அர்த்தம். டீ குடிக்கும் நேரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரியவிடாதீர்கள். 75 ஆம்பியர் அவர் பேட்டரியில் 30 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், பிறகு செல்ஃப் எடுப்பது சந்தேகம். நடு வயலில், நடு இரவில் வண்டியைத் தள்ளும்படி ஆகும்.

பக்கத்து ஊர்க் கடையில் கூடுதல் விளக்கை ஹெட்லைட் ஒயரிலேயே இணைத்துக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் எரிந்தால் சுவிட்ச் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. என்ன செய்வது?
- வாசகர், அரியலூர் மாவட்டம்

இன்றே அந்த இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாடை வருகிறது என்றால், ஒயரின் தோல் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதே பாதையில் டீசல் குழாயும் போகிறது. அருகில் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் நின்றால் கேட்கவே வேண்டாம்.

12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. அதனால் பலரும் அதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் தருகிறது. தோல் உரிந்த ஒயர் பாடியில் பட்டால், அதே வேகம் அந்த ஒயரில் பாயும். ஒயர் அடுப்புக் கம்பிபோல் சிவக்கும்.

ஹெட்லைட் சுவிட்ச் ஹெட்லைட்டின் சுமைக்கு மட்டுமே செய்யப்பட்டது. கூடுதல் விளக்குக்குத் தனிப் பாதை வேண்டும், நடுவில் ரிலே வேண்டும். ரிலே என்பது புதிதல்ல. உங்கள் பம்ப்செட் ஸ்டார்ட்டரை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அழுத்தும் பச்சைப் பட்டன் வழியாக மோட்டாரின் மின்சாரம் போவதில்லை. பட்டன் சொன்னதும் உள்ளே உள்ள கான்டாக்டர் ஒட்டுகிறது, சுமை அதன் வழியாகப் போகிறது. ரிலேவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் இருக்கும். 30 என்ற முனைக்கு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர் வர வேண்டும். 87-லிருந்து விளக்குக்குப் போக வேண்டும். 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் ஒயரிலிருந்து எடுத்தால், சாவியை உருவியதும் விளக்கும் அணைந்துவிடும். முன் இரண்டுக்கு ஒரு ரிலே, ஒரு சுவிட்ச்; பின் இரண்டுக்கு வேறு ரிலே, வேறு சுவிட்ச் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஏன் பிரிக்க வேண்டும் என்பது நான்காவது பதிலில் வருகிறது.

கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டியவை:

1. ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் போட்டால், இடையில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை. 55 வாட் இரண்டுக்கு 15 ஆம்பியர், நீல நிறம். 20 வாட் எல்.இ.டி. இரண்டுக்கு 5 அல்லது 7.5 ஆம்பியர் போதும். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றாதீர்கள். ஃபியூஸ் போனது ஏன் என்று தேடுங்கள்.

2. ஒயர், பல இழை உள்ள ஆட்டோ கேபிளாக இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி, டிராக்டர் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துபோகும். ஹாலஜனுக்கு 2.5 சதுர மி.மீ., எல்.இ.டி.க்கு 1.5 சதுர மி.மீ. மெல்லிய ஒயரில் வோல்ட் குறையும். ஒரு வோல்ட் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சத்தில் சுமார் கால் பங்கு போய்விடும்.

3. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பசை விட்டுக் கழன்றுவிடும். லக் வைத்து அழுத்திய இணைப்பு, அதன் மேல் சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஒயர் முழுவதும் நெளிகுழாய்க்குள் போகட்டும். சைலன்சர், டீசல் குழாய், பானெட் கீல், ஹைட்ராலிக் லீவர் ஆகியவற்றை ஒட்டிப் போகக் கூடாது. தகட்டில் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

4. எர்த் ஒயரைப் பெயின்ட் மேல் முடுக்கிப் பயனில்லை. பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு, மேலே வாசலின் தடவுங்கள். விளக்கு மினுக்குவதாக வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முடிந்த பிறகு அதையே கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கம்பெனி ஒயரை வெட்ட வேண்டாம். வாரன்டி உள்ள வண்டி என்றால் அதற்கும் அது இடைஞ்சல்.

விளக்கை எந்த இடத்தில் மாட்டினால் வேலைக்கு வசதி? மேல் கூண்டில் துளை போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பதற்கென்று கம்பெனி பொருத்திய வளைவுச் சட்டம் இருந்தால், அதில் துளையும் போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். அந்த இடத்தில் அதன் பலம் குறைந்துவிடும். யூ கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். வெயிலுக்காகப் போட்ட மெல்லிய தகட்டுக் கூரை என்றால், அடியில் பட்டை இரும்பு கொடுத்து, ஸ்பிரிங் வாஷரும் லாக் நட்டும் போட்டு மாட்டுங்கள். வெறும் தகட்டில் மாட்டினால் அதிர்வில் தகடே கிழியும். வண்டியில் எங்கே வெல்டிங் வைப்பதானாலும், முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

பின் விளக்குகளை இரண்டு மட்கார்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக, கலப்பையைப் பார்த்துக் கீழே சாய்த்து வையுங்கள். நடுவில் ஒன்று மட்டும் வைத்தால், ஓட்டுபவரின் நிழலே கருவி மேல் விழும். இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது போக்கும். இதற்கு விரிந்து பரவும் ஃப்ளட் வகை விளக்கு ஏற்றது. தூரத்து வரப்பைப் பார்க்க முன்னால் குவிந்து பாயும் ஸ்பாட் வகை. கூரையில் முன் விளக்கு மாட்டினால் பானெட் மேல் ஒளி விழாதபடி முன்னுக்குத் தள்ளி வையுங்கள். விழுந்தால் அந்தப் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும்.

நீலம் கலந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் அதிகம் வரும். மஞ்சள் சாய்ந்த ஒளிக்குக் குறைவு. விளக்குப்பொறி வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். முகத்தருகே உள்ள விளக்குக்கு மஞ்சள் ஒளி நல்லது.

எத்தனை விளக்கு இருந்தாலும் ரோட்டாவேட்டருக்குப் பின்னால் ஆள் நிற்பது ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகலாம். வேர் சிக்கினால் பி.டி.ஓ.வை அணைத்து, இன்ஜினை நிறுத்தி, சுழற்சி நின்ற பிறகே இறங்குங்கள்.

கரும்பு டிரெய்லரில் பின் விளக்கு நிற்பதே இல்லை. உடைந்துகொண்டே இருக்கிறது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் போதாதா? டிராக்டரின் பின்னால் உள்ள வெள்ளை விளக்கை எரியவிட்டு வரலாமா?
- வாசகர், கடலூர் மாவட்டம்

இரண்டுக்கும் பதில்: கூடாது.

வயலில் விளக்கு நாம் பார்ப்பதற்கு. சாலையில் விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. பாரம் ஏற்றிய டிராக்டர் மணிக்கு 25 கி.மீ. போகிறது, பின்னால் கார் 80 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 55 கி.மீ.; நொடிக்கு 15 மீட்டர். விளக்கில்லாத டிரெய்லர் டிம் வெளிச்சத்தில் 50 மீட்டரில் கண்ணில் பட்டால், மோதுவதற்கு மூன்று நொடி சொச்சம்தான் இருக்கிறது. அதற்குள் ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க வேண்டும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரமும் இல்லை. பைக்கில் வருபவருக்குக் கரும்பு கழுத்து உயரத்தில் நிற்கிறது.

ஸ்டிக்கர் தானாக ஒளிர்வதில்லை. பிறர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். மங்கிய விளக்கோடு வரும் பைக்குக்கும், சேறு படிந்த ஸ்டிக்கருக்கும் அது உதவாது. ஆனாலும் ஒட்டுங்கள்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒவ்வொரு நடைக்கும் முன் ஈரத் துணியால் துடையுங்கள்.

உடையாமல் இருக்க, பின் விளக்கை ரப்பர் தட்டின் மேல் பொருத்தி, சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு போடுங்கள். கரும்பு விளக்கை மறைக்கிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. டிரெய்லர் அகலத்துக்கு ஒரு பலகை, அதன் இரண்டு ஓரத்திலும் சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும், நீளமான கேபிளும் பிளக்கும். பாரம் ஏற்றிய பிறகு கரும்பின் கடைசியில் அதைக் கட்டித் தொங்கவிடலாம், இறக்கும்போது அவிழ்த்துவிடலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் செய்து தருவார்.

பின்னால் எரியும் வெள்ளை விளக்கு, பின்னால் வருபவர் கண்ணைக் கட்டிவிடும். எதிரே வண்டி வருவதாக அவர் நினைக்கலாம். சிவப்பு விளக்கும் அந்தப் பிரகாசத்தில் மறைந்துவிடும். இதற்காகத்தான் பின் விளக்குக்குத் தனிச் சுவிட்ச் கேட்டோம். தார்ச்சாலையில் முன் சக்கரம் ஏறும் முன் கூடுதல் விளக்கு அத்தனையும் அணைய வேண்டும்.

டயர் பஞ்சரானால் வண்டியைச் சாலையை விட்டு இறக்குங்கள். முக்கோணப் பலகையை நூறு அடியாவது பின்னால் வையுங்கள். கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போனால் அடுத்து வரும் பைக்குக்கு அதுவே எமன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருக்கிறேன். மலையில் பனிமூட்டம் அதிகம். கூரையில் நீளமான எல்.இ.டி. பார் மாட்டலாமா? முன்னால் இரும்பு கார்டும் போட ஆசை.
- வாசகர், போடிநாயக்கனூர்

பனிக்கு அது உதவாது, கெடுக்கும். உயரத்திலிருந்து பாயும் வெள்ளை ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். முன்னால் வெள்ளைச் சுவர் கட்டியதுபோல் இருக்கும். பனிக்கு வேண்டியது பம்பர் உயரத்தில், அகலமாகவும் தட்டையாகவும் தரையோடு ஒளி பரப்பும் ஃபாக் லேம்ப். அதோடு டிம் வெளிச்சம். பிரைட் போடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஏறும்போது, கூரை விளக்கு எதிரே இறங்குபவரின் கண்ணில் நேராக அடிக்கும். அவர் தடுமாறினால் உங்கள் ஜீப்பில் இருப்பவர்களுக்கும்தான் ஆபத்து.

சட்டமும் இடம் தரவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அதுவும் விசேஷக் காரணம் இருந்தால்தான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கூடுதலாக மாட்டும் இரும்பு கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் நடந்துபோகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பதே காரணம்.

அந்தப் பணத்தில் நல்ல ஃபாக் லேம்ப் இரண்டு, புதிய வைப்பர் ரப்பர், பிரேக் லைனிங் வாங்குங்கள். ஆள் ஏற்றும் வண்டிக்கு அதுதான் முதல் தேவை.

பொழுது சாயும் முன் பார்க்க வேண்டியவை: ஹெட்லைட் டிம், பிரைட் இரண்டும் எரிகிறதா? டிரெய்லரின் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எரிகிறதா? வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா? கிளாம்ப், நட் தளர்ந்திருக்கிறதா? கையில் மாற்று ஃபியூஸ் இரண்டும் டார்ச்சும் இருக்கிறதா? ஐந்து நிமிட வேலைதான்.

உங்கள் கேள்விகளை எழுதும்போது வண்டியின் குதிரைத்திறன், வாங்கிய ஆண்டு, ஆல்டர்னேட்டர் தகட்டில் உள்ள எண் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சரியாகச் சொல்ல உதவும்.