நாக்குக்கும் வர்க்கம் உண்டோ?

பெரிய தட்டு, அதன் நடுவில் ஒரு கவளம், அதற்குப் பல்லாயிரம் ரூபாய் விலை. ‘டேஸ்டிங் மெனு’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் இலக்கிய அன்பர்கள் உதிர்க்கும் நகைச்சுவை பெரும்பாலும் இவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு கொள்கை கிடக்கிறது. மலிவான சாப்பாடு வயிற்றுக்கு, விலை கூடிய சாப்பாடு நாக்குக்கு என்பதே அது. ஏழைக்குப் பசி உண்டு, ருசி கிடையாது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்லிவிட முடியாது.

இக்கட்டுரை அக்கொள்கையை மறுத்து எழுதப்படுகிறது. சேர்வராயன் மலையில், ஏரிக்கரை விடுதிகளின் நிழலில் அன்றி மலைவாசிகள் நடமாடும் தெருவொன்றில், உள்ளூர்க் குடும்பம் தயங்காமல் நுழையக்கூடிய விலையில், புதிய சமையல் நுட்பத்தோடு இவ்வகை விருந்தைப் பரிமாறும் சிறு உணவகம் ஒன்று வேண்டும் என்கிறேன். வேண்டும் என்பதோடு, அது நடக்கக்கூடியது என்றும் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். இம்முறையில், உண்ண வருபவர் தேர்ந்தெடுக்கப் பட்டியல் கிடையாது. அன்றைக்கு எது நன்றாகக் கிடைத்ததோ அதைக்கொண்டு சமையற்காரர் ஐந்தோ பத்தோ சிறு உணவுகளை ஆக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தருவார். 1970களில் பிரான்சின் ‘நூவல் க்விசீன்’ இயக்கத்தோடு பரவிய இம்முறைக்கு ஜப்பானியரின் கைசெகி விருந்தும் ஓர் ஊற்றுக்கண். சுவைநிரல் என்று இங்கே இதை அழைக்கிறேன்.

தமிழகத்தில் இதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு சென்னையின் ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017இல் தொடங்கிய ‘அவர்த்தனா’. தென்னிந்தியச் சுவைகளையே எடுத்துக்கொண்டு ஏழு முதல் பதின்மூன்று வரையான உணவுகளாக நிரல்படுத்துகிறார்கள். தக்காளி ரசம் தெளிந்த வடிநீராகிக் கண்ணாடிக் கிண்ணத்தில் வருவது அங்கே புகழ்பெற்றது. ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் பட்டியலில் 2023இல் அது இடம்பெற்றது. மலைப்பகுதிக்கும் உதாரணம் உண்டு. இமாசலத்தின் கசௌலி அருகே 2023இல் சமையற்கலைஞர் பிரதீக் சாது தொடங்கிய ‘நார்’ இருபது பேர் அளவில் மட்டுமே அமரக்கூடியது. இமயமலைப் பகுதியின் விளைபொருளை மையமாக்கியது. இவ்விரண்டையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ரசம் என்பது சோற்றைக் கரைத்து விழுங்குவதற்கான திரவம் மட்டுமன்று, தனியே நிறுத்தி உற்றுநோக்கத் தக்க பொருள் என்று மெய்ப்பித்தது சாதனையே. என் வழக்கு வேறு. அந்த உற்றுநோக்கலுக்கு நுழைவுக் கட்டணம் ஏன் பல ஆயிரமாக இருக்க வேண்டும்?

இவ்விடத்தில் மரபன்பர்கள் எழுந்து, ‘நம் வாழையிலையில் இல்லாததா? அறுசுவையும் அதில் உண்டே’ என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இலை எல்லாவற்றையும் ஒருசேரக் கண்முன் விரிக்கிறது. பொரியலிலிருந்து ஊறுகாய்க்குத் தாவிச் சாம்பாருக்குத் திரும்பும் உரிமை உண்பவருடையது. சுவைநிரல் ஒன்றை மட்டும் முன்னே வைத்து, அது முடியும்வரை மற்றதை மறைத்து வைக்கிறது. இரண்டும் இரு வேறு கலைகள். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்பது, வெண்பா இருக்கப் புதுக்கவிதை எதற்கு என்று கேட்டவர்களின் பழைய வாதம். மேலும், அந்த இலையைப் பற்றிப் பெருமூச்சு விடுவோர் பந்தியில் யார் முதலில் அமர்ந்தார், யார் கடைசியில் அமர்ந்தார், யார் அமரவே இல்லை என்பதையும் நினைவுகூரட்டும். திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு எதிராகப் பெரியார் 1957இல் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. காசு கொடுத்தவர் எவரும் அமரலாம் என்ற உணவகத்தின் எளிய விதி நாம் போராடிப் பெற்றது. விலையைக் கொண்டு அதை மீண்டும் பறிகொடுப்பது எவ்வகையில் நியாயம்?

மரபைத்தான் பேச வேண்டும் என்றால், நான் வாழையிலையை விட்டுவிட்டு மலைபடுகடாத்தை எடுப்பேன். பத்துப்பாட்டுள் ஒன்றான அந்நூல், செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுகிறது. வழிநெடுக அவர்களுக்கு என்ன உணவு கிடைக்கும் என்பதைப் புலவர் பெருங்கௌசிகனார் இடத்துக்கு இடம் வேறுபடுத்திச் சொல்கிறார். குறவர் சிற்றூரில் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும். ஆயர் இருப்பில் பால். மற்றோரிடத்தில் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ். வயல் நிலத்தை எட்டியதும் மீனும் நெற்சோறும். நிலம் மாற மாற உணவு மாறுகிறது. நிரலாக வரும் விருந்து என்று இதைச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? அவ்விருந்தை உண்பவர் யார் என்பதையும் பாருங்கள். பரிசில் பெறாத, பசித்த, மூட்டை சுமந்து மலையேறும் கூத்தர் கூட்டம். அவர்களுக்குச் சுவை வேறுபாடு தெரியாது என்று அந்தப் புலவர் கருதவில்லை. அந்தச் சந்தேகம் நமக்கு மட்டுமே வந்திருக்கிறது.

நன்னனின் மலையிலிருந்து அதே கிழக்குத் தொடர்ச்சியின் சேர்வராயனுக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டார். காபித் தோட்டத்து நிழல்மரங்களில் மிளகுக்கொடி படர்கிறது. பலாவும் ஆரஞ்சும் வெண்ணெய்ப்பழமும் விளைகின்றன. தலைச்சோலை, நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு உண்டு வந்தவர்கள். இவ்வளவும் விளையும் மலையில் ஏறிவரும் பயணி உண்பது என்ன? கோபி மஞ்சூரியன், பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பன்னீர் பட்டர் மசாலா. மலைமேல் விளைவது மூட்டைகளில் கீழே இறங்குகிறது. கீழே விற்பது பொட்டலங்களில் மேலே ஏறுகிறது. இரண்டு நூற்றாண்டுகளாகக் காபி விளையும் ஊரில், கையிலுள்ள கோப்பைக்குள் இருப்பது எந்தத் தோட்டத்துக் காபி என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய கடைகள் எத்தனை?

இதில் நாக்கு மட்டும் சம்பந்தப்படவில்லை. அண்டையிலுள்ள கொல்லிமலையில் சிறுதானியம் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. கிழங்கை வாங்க ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. சாமையை வாங்க ஆள் இல்லை. உமி நீக்கும் வேலையோ பெண்களின் தோளை முறித்தது. 1990களிலிருந்து அங்கே பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களுக்கு அரவை இயந்திரங்களைக் கொண்டுசென்றதும், விற்பனைக்கு வழி தேடியதும் இக்காரணத்தால்தான். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2023ஆம் ஆண்டே ஐ.நா. அவையின் சிறுதானிய ஆண்டாகவும் இருந்தது என்பது வரலாற்றின் குறும்பு. ஒரு பயிர் நிலைக்கப் பாராட்டுக் கூட்டம் போதாது, வாரந்தோறும் வாங்கும் அடுப்பு வேண்டும்.

விலைக்கு வருவோம். சுவைநிரலின் விலையில் உணவுப்பொருளின் பங்கு சிறிது. மீதி கட்டடத்துக்கு, கண்ணாடிக்கு, மூவருக்கு ஒருவராக நிற்கும் பணியாளருக்கு, தொலைதூரத்திலிருந்து வரவழைக்கும் அரிய பொருளுக்கு. வரியும் உண்டு. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதியின் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, சாதாரண உணவகத்தில் 5. இவ்வளவு வாங்கியும் சில இடங்களில் கணக்குத் தேறுவதில்லை. கோபன்ஹேகனின் உலகப்புகழ் ‘நோமா’ தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியதே 2022இல்தான். இந்த முறை இனித் தாங்காது என்று அதன் தலைவர் ரெனே ரெட்செப்பி 2023 ஜனவரியில் அறிவித்தார். ஆடம்பரத்தின் உச்சியிலேயே கூலியில்லா உழைப்பு ஒளிந்திருந்தது.

மாற்றுவழி புதிதன்று. பாரிசின் பெருவிடுதியான கிரியோனின் சமையலறையில் பயின்ற ஈவ் காம்தெபோர்ட் 1992இல் நகரின் தென்கோடியில், வாடகை குறைந்த தெருவில் ‘லா ரெகலாத்’ என்ற சிற்றுணவகத்தைத் திறந்தார். பெருவிடுதியின் கைத்திறன், நிர்ணயித்த ஒரே விலை, மேசைவிரிப்புப் பகட்டு இல்லை. 2004இல் ‘பிஸ்த்ரோநோமி’ என்று பெயர் பெற்ற இயக்கத்துக்கு அது முன்னோடியாயிற்று. நம் மெஸ்களும் பாதி வழி வந்தவையே. ‘இன்று இதுதான்’ என்று சொல்லத் துணிந்த மெஸ்காரருக்குக் கழிவு குறைவு, சரக்குத் தேக்கம் குறைவு. நூறு பண்டங்கள் அச்சிட்ட பட்டியலை வைத்திருப்பவரோ நூறுக்கும் பொருள் வாங்கிக் குளிர்பெட்டியில் அடைத்து வைக்க வேண்டும். தெரிவு இல்லாமை ஏழைக் கடையின் குறையன்று, அதன் பலம்.

ஒரு கணக்குப் போடுவோம். கற்பனைக் கணக்குதான், ஆயினும் கூட்டிப் பார்க்கலாம். முப்பது இருக்கைகள், திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு உணவுகள் கொண்ட நிரல் 200 ரூபாய், நாளொன்றுக்கு முப்பது பேர். சனி, ஞாயிறு ஆறு உணவுகள் 500 ரூபாய், இரண்டு பந்தியாக அறுபது பேர். வரி நீங்கலாக, வார நாளில் பொருட்செலவு 80 போக ஆளுக்கு 120 மிச்சம்; வார இறுதியில் 160 போக 340. நான்கு வாரத்தில் வார நாட்கள் 57,600 ரூபாயும் வார இறுதிகள் 1,63,200 ரூபாயும் தரும். ஐந்து பேருக்குத் தலா 20,000 சம்பளம், வாடகை 40,000, எரிவாயு மின்சாரம் முதலியன 40,000 என்று செலவு 1,80,000. கையில் நிற்பது 40,800. இதில் உள்ளூர்க்காரரின் 200 ரூபாயை நீக்கிவிட்டுச் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பினால் 16,800 நட்டம். வார நாளில் கதவைப் பூட்டினாலும் வாடகையும் சம்பளமும் நிற்பதில்லை. ஆகவே, அக்கம்பக்கத்தாருக்கான விலை தருமமன்று. கடையைத் தாங்கும் தூணே அதுதான்.

200 ரூபாயும் தோட்டத் தொழிலாளிக்குப் பெருந்தொகை என்பீர்கள். தினமும் உண்ண முடியாது, உண்மை. ஆனால் பிள்ளையின் பிறந்தநாளுக்கோ தேர்வு முடிந்த மாலைக்கோ அவர் சேலத்துக்கு இறங்கிச் செலவழிக்கும் தொகையோடு வைத்துப் பாருங்கள். அம்மா உணவகம் 2013இல் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்தது. பசியை நேர்கொண்ட பெருந்திட்டம் அது. ஆனால் ஒரு ரூபாய் இட்லிக்கும் பல்லாயிர ரூபாய் ரசத்துக்கும் நடுவே, கவனத்தோடு சமைத்த உணவுக்கு இடமே இல்லையா?

‘சிறு சிறு உணவாகக் கொடுத்தால் நம் மக்கள் ஏற்பார்களா’ என்று கேட்போர் சேலத்துத் தெருக்களில் ஒரு மாலை நடக்கட்டும். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்த தட்டுவடை செட், ஒரே வாயில் அடங்குவது. ஒன்று உண்டு, வேறு வகை கேட்டு, மூன்றாவதற்குக் கைநீட்டி நிற்கிறார்கள் கூலிக்காரரும் கல்லூரி மாணவரும். சிற்றளவில், வரிசையாக, வேறுபடுத்திச் சுவைக்கும் பழக்கம் தெருவில் இருக்கிறது. அதற்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கச் சொல்கிறேன்.

அந்நாற்காலியில் அமர்பவர் முன் என்ன வைப்பது? வறுத்துப் பொடித்த பலாக்கொட்டையில் ஒரு மெல்லிய அடை. மிளகின் பச்சைக் கொத்தோடு வெண்ணெய்ப்பழம். புளித்த கேழ்வரகுக் கூழைத் தெளியவைத்த நீரில் ஒரு ரசம். குழைய வேகவைத்த சாமையோடு நாட்டுக்கோழி. முடிவில், கொட்டையை எடுத்தபின் ஒதுக்கப்படும் காபிப்பழத் தோலை உலர்த்திக் காய்ச்சிய இனிப்பு வடிநீர். ஏமன் நாட்டார் ‘கிஷ்ர்’ என்று அருந்துவது அதைத்தான். இவற்றுள் எதுவும் விமானத்தில் வர வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதை வாசித்து, ‘பழங்குடி உணவு விழா’ என்று பதாகை கட்டிப் பணியாளருக்குப் பாசிமணி மாட்டிவிட ஏதேனும் ஒரு சொகுசு விடுதி கிளம்பலாம். அது வேறு, இது வேறு. சாமையை விளைவித்தவர் அச்சமையலறையில் சமையற்காரராகவோ, அம்மேசையில் விருந்தினராகவோ அமர முடியாது என்றால், அங்கே பரிமாறப்படுவது அவருடைய வறுமையின் காட்சி. உணவகம் யாருக்கானது என்பதை அதன் பெயர்ப்பலகை சொல்லாது; செவ்வாய்க்கிழமை மாலையில் உள்ளே அமர்ந்திருப்பவர்கள் சொல்வார்கள்.

ஆகவே, சுவைநிரலைப் பரிகசிக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது. பணக்காரரின் தட்டைப் பார்த்துச் சிரித்தது போதும். அத்தட்டில் இருக்கும் கைத்திறன் நம் தெருவுக்கு வர என்ன தடை என்று கேளுங்கள். பெருவிடுதிச் சமையலறைகளில் பயின்ற சேலத்துப் பிள்ளைகள் பலர் ஊர் திரும்ப வழி தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இம்மலையில் கடை திறந்து, ‘இன்று இதுதான்’ என்று ஐந்து சிறு தட்டுகளை அடுக்கினால், அளவைப் பார்த்து முகம் சுளிக்காமல் அமர்ந்து உண்ணுங்கள். வார நாளில் போங்கள்.