விரல் மடங்கினால் தறி நிற்கும்!

செதில் படையும் மூட்டு வீக்கமும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்

காஞ்சீபுரம் பட்டின் புகழை உலகம் அறியும். அந்தப் பட்டை நெய்வது தறி மட்டும் அல்ல. நெசவாளியின் பத்து விரல்களும் சேர்ந்துதான் நெய்கின்றன.

நாடாவை ஓட்டுவது கை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்துப் பிணைப்பது விரல் நுனி. குழித்தறியில் மிதியை அழுத்துவது கால். விரல் வீங்கி, குதிகாலும் வலித்தால் தறி நின்றுவிடும். கூலியோ சேலைக் கணக்கு. சேலை முடியாவிட்டால் கூலி இல்லை.

விரலையும் குதிகாலையும் சேர்த்துத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் அது முதலில் தோலில்தான் தலைகாட்டும். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் சிவந்த திட்டு தோன்றும். அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் உதிரும். இதற்கு ஆங்கில வைத்தியத்தில் "சொரியாசிஸ்" என்று பெயர். சித்த வைத்தியர்கள் "காளாஞ்சகப் படை" என்பார்கள்.

இது நெசவாளருக்கு மட்டும் வரும் நோய் அல்ல. கடைக்காரர், குருக்கள், ஆசிரியர், பள்ளிப் பிள்ளை யாருக்கும் வரலாம். ஆனால் கையை நம்பிப் பிழைப்பவருக்கு நஷ்டம் அதிகம்.

எப்படி வருகிறது?

"ரத்தம் கெட்டுவிட்டது" என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல.

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமிகளை விரட்டுவது அதன் வேலை. சிலருக்கு அந்தக் காவல் படை வழி தவறி, சொந்த உடம்பையே தாக்குகிறது. தோல் புதுப்பிக்கச் சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். இந்நோயில் சில நாட்களிலேயே புதுத் தோல் முளைத்து, பழையது செதிலாகக் குவிகிறது.

பிறவியிலேயே உள்ள வாகு ஒரு காரணம். தொண்டைப் புண், மனக்கவலை, புகை, மது ஆகியவை நோயைத் தூண்டும். சில மாத்திரைகளும் தூண்டும். காயம் பட்ட இடத்திலும், ஓயாமல் உராயும் இடத்திலும் புதிய திட்டு எழும்பலாம். இதைக் கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னார். ஆகவே செதிலைச் சுரண்டுவது கூடாது. நாள் முழுதும் கை உராயும் வேலையில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒட்டிக்கொள்ளாது!

இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஒரே தறியில் உட்கார்ந்தாலும் ஒட்டாது.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? பழைய காலத்தில் இதைத் தொழுநோய் என்றே பலர் நினைத்தார்கள். 1841-ல் வியன்னா நகர டாக்டர் ஹெப்ரா இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆனாலும் பழைய பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

காஞ்சீபுரத்துக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு திருமணியில், தொழுநோய்க்கான மத்திய அரசாங்கப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். சொரியாசிஸ் திட்டில் உணர்ச்சி இருக்கும், அரிப்பும் இருக்கலாம். தொழுநோயே இன்று மருந்தால் குணமாகிறது. அப்படியிருக்க, அதுவல்லாத இந்த நோயைக் கண்டு ஒதுங்குவது என்ன நியாயம்?

2014-ல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. இது தொற்றாத, நீண்ட கால நோய் என்றும், நோயாளிகளை ஒதுக்குவதை நிறுத்த வேண்டும் என்றும் அது நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம்.

தோலிலிருந்து மூட்டுக்கு

சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை மூட்டு வாதத்துக்கும் ஆளாகிறார்கள். பலருக்குத் தோல் நோய் வந்து பல ஆண்டுகள் கழித்தே மூட்டு வலி வருகிறது. அதனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

படைக்கு ஒரு டாக்டர். வலிக்கு வேறொரு டாக்டர். முன்னவரிடம் மூட்டைப் பற்றிச் சொல்வதில்லை. பின்னவரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டுவதில்லை. "நாள் பூராவும் குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் வலிக்காதா?" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். சிக்குன்குனியா வந்துபோன வீட்டில் பழி அதன்மேல் விழுகிறது.

அடையாளங்கள் இவை:

காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கும், நடமாடினால் இளகும். வேலையால் வரும் வலி ஓய்வில் குறையும். இந்த வலி ஓய்வில் கூடும்.

ஒரு விரல் முழுவதும் வாழைப்பழம் போல் தடிக்கும்.

நகத்தில் ஊசியால் குத்தியது போல் குழிகள் விழும். நகம் சதையை விட்டுத் தூக்கும்.

குதிகால் வலிக்கும். இரவில் இடுப்பு வலித்துத் தூக்கம் கலையும்.

ரத்தத்தில் வாதப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் "இல்லை" என்றே வரும். அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. இந்த வாதம் அந்தப் பரிசோதனையில் அகப்படுவதில்லை.

காலம் இங்கே மிக முக்கியம். டாக்டரிடம் போக ஆறு மாதம் தாமதித்தவர்களுக்கே மூட்டு எலும்பு அதிகம் அரித்திருந்தது என்று அயர்லாந்து டாக்டர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. மடங்கிய விரல் நிமிராது.

என்னென்ன சிகிச்சை உண்டு?

நோயை வேரோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்க மருந்து உண்டு. சர்க்கரை நோயை அடக்கி வாழ்வது போல, இதையும் அடக்கி வாழலாம்.

திட்டுகள் கொஞ்சமாக இருந்தால் மேல் பூச்சு போதும். தேங்காய் எண்ணெய் போன்ற ஈரப் பூச்சுகளை நாள்தோறும் தடவலாம். ஸ்டீராய்டு களிம்பு, தார் மருந்து, வைட்டமின் டி வகைக் களிம்பு ஆகியவற்றை டாக்டர் சொன்னபடி தடவ வேண்டும். ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கித் திடீரென நிறுத்தினால் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் எழும்பலாம். உயிருக்கே ஆபத்து!

திட்டுகள் பரவினால் ஒளி சிகிச்சை. குறிப்பிட்ட புற ஊதா ஒளியை வாரம் இரண்டு, மூன்று முறை உடம்பில் படவைப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் இது உண்டு.

வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும். மூட்டு அரிப்பை நிறுத்தாது. கண்டபடி தின்றால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும்.

மூட்டைக் காப்பதற்கென வேறு மருந்துகள் உண்டு. அவற்றில் விலை மலிவானதும், பல ஆண்டுகள் பழகியதும் மெத்தோட்ரெக்சேட்.

கதர் உடுத்திய டாக்டர்

இந்த மருந்துக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒருவரின் கதை இருக்கிறது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்திஜியின் சொல் கேட்டுக் கதர் உடுத்தினார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த சான்றிதழே கிடைத்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

1923-ல் அவர் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லே கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே போலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் தயாரித்தது. அவற்றில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அவர் 1948-ல் காலமானார். இந்த வகை மருந்து சொரியாசிஸ் திட்டுகளையும் குறைக்கிறது என்பது 1951-ல் தெரிந்தது.

இன்று டாக்டர்கள் மெத்தோட்ரெக்சேட்டோடு போலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுக்கிறார்கள். பக்க விளைவு குறைவதற்காக. இரண்டுமே அந்தக் கதர் டாக்டரின் குழு தந்தவை!

ஒரு எச்சரிக்கையை வீட்டில் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிடக் கூடாது. தவறித் தினமும் சாப்பிட்டு உயிர் இழந்தவர்கள் உண்டு. காலண்டரில் கிழமையைக் குறித்து வையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கட்டும். மது கூடாது. ரத்தமும் ஈரலும் அடிக்கடி பரிசோதிக்கப்பட வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; பொறுமை வேண்டும்.

புதிய ஊசிகள்

இதற்கும் அடங்காத நோய்க்குப் புதிய மாத்திரைகளும் ஊசிகளும் வந்திருக்கின்றன. வழி தவறிய காவல் படையில் ஒரு குறிப்பிட்ட கண்ணியை மட்டும் இந்த ஊசிகள் பிடித்து நிறுத்துகின்றன. தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்துப் பலன் தருபவை இவற்றில் உண்டு.

விலைதான் தடை. ஆனால் நிலைமை மாறி வருகிறது. அடாலிமுமாப் என்ற ஊசியை ஒத்த மருந்தை அகமதாபாத் ஜைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அப்போது அதன் விலை, அமெரிக்காவில் விற்ற அசல் மருந்தின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் நெசவாளி வீட்டுக்கு அது பெரிய தொகைதான்.

இந்த ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடம்பில் மறைந்து கிடக்கும் காசநோய் கிளம்பிவிடக் கூடும்.

சித்த வைத்தியம் பலன் தருமா?

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் காய்ச்சும் தைலத்தைத் தோல் திட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகத் தடவுகிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இந்நோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். சித்த வைத்தியத்தை நாடுவோர் அங்கே பட்டம் பெற்ற வைத்தியரைப் பார்க்கலாம்.

ஆனால் எண்ணெய் எலும்பு அரிப்பை நிறுத்தும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பெயர் தெரியாத பொடிகளை வாங்கித் தின்னவும் கூடாது. எந்த மருந்து சாப்பிட்டாலும் இரு வைத்தியர்களிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காஞ்சியில் சுரகரேசுவரர் கோவில் இருக்கிறது. காய்ச்சல் தீர்க்கும் சாமி என்று கும்பிடுகிறார்கள். பிரார்த்தனை மனத்துக்குத் தெம்பு தரும். மாத்திரையை நிறுத்துவதற்கு அது காரணமாகக் கூடாது.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வந்தது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் சேர்ந்தது. வீடுவீடாகப் போகும் ஊழியர் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "வீட்டில் யாருக்காவது செதில் படையோடு மூட்டு வலியும் இருக்கிறதா?" பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் இந்த ஒரு கேள்வி பல விரல்களைக் காப்பாற்றும்.

தோல் டாக்டரும் மூட்டு டாக்டரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டு நாள் கூலியை இழந்து யாரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

புகையை விடுங்கள். உடல் எடையைக் குறையுங்கள். மருந்து நன்றாக வேலை செய்யும். இந்நோயாளிகளுக்குச் சர்க்கரையும் இருதய நோயும் வர வாய்ப்பு கூடுதல். ஆகவே அவற்றையும் பரிசோதியுங்கள். மணிக்கொரு முறை தறியை விட்டு எழுந்து கை கால்களை நீட்டி மடக்குங்கள்.

பெண்ணுக்கோ பிள்ளைக்கோ இந்நோய் இருந்தால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று மறைக்கிறார்கள். மறைத்த நாளெல்லாம் சிகிச்சை இல்லாத நாள். மருமகளின் முழங்கையில் செதில் கண்டால் மாமியார் தட்டைத் தனியே வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டும்.

காஞ்சீபுரம் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், மூட்டு நோய்க்குத் தனிப் பிரிவு உள்ள சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் சென்று, எந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டு என்று அங்கேயே கேளுங்கள்.

போகும்போது படையையும் காட்டுங்கள், வலியையும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே டாக்டரிடம், ஒரே நாளில் சொல்லுங்கள்.