உப்பில்லாத கீரை

இலங்கை போய்வந்த அக்கா மகன், கைப்பேசியில் காலிக் கோட்டையைக் காட்டினான். போர்ச்சுகீசியர் தொடங்கி டச்சுக்காரர்கள் எடுத்துக் கட்டிய மதில், அதன்மேல் மாலை நேரக் கூட்டம், கீழே கடல். அழகுதான். ஆனால் அடுத்து அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது: “மாமா, நம்ம பக்கம் இப்படி மதிலோட ஒரு கடற்கரை ஊர் இல்லாமப் போச்சே!”

அவன் பிறந்து வளர்ந்தது திண்டிவனத்தில். மரக்காணம் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறான். அந்த மரக்காணத்தைத்தான் அறிஞர்கள் பலர் எயிற்பட்டினம் என்கிறார்கள். மதில் சூழ்ந்த பட்டினம். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பில் வரும் சோபட்மா துறையும் இதுவே என்பவர்கள் உண்டு. மதிலை இன்று அங்கே பார்க்க முடியாது. கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்றால் வடக்கே கடப்பாக்கம் போகலாம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டையின் மிச்சம் அங்கே கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

எயிற்பட்டினம் நிற்பது ஏட்டில். சிறுபாணாற்றுப்படையை மறுபடியும் எடுத்துவிட்டேன் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், முடிவில் கிடங்கில். அந்தக் கிடங்கில்தான் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல். பேகனும் பாரியும் வரும் வள்ளல் வரிசைக்காக இந்த நூலின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். அதில் வரும் வழி நம் வீட்டு வாசலில் வந்து முடிகிறது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வழி நெடுகச் சாப்பாடு. எயிற்பட்டினத்தில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப் போல் கரையில் கிடக்கின்றன. அந்த விறகில் தீ மூட்டி, நுளையர் வீட்டுப் பெண் அரித்த பழைய கள்ளைப் பரதவர் ஊற்றித் தருகிறார்கள். கூடவே சுட்ட குழல்மீன் கருவாடு. வேலூரில் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு மகள் கையால் வெண்சோறு, நண்டுக் கறி.

இவ்வளவு விருந்தையும் எழுதிய நல்லூர் நத்தத்தனார், வழி சொல்லும் பாணன் புறப்பட்ட வீட்டையும் எழுதினார். அதற்காகத்தான் நான் அவரை விடுவதில்லை. கூரைக் கழிகள் கழன்று விழுந்த அடுக்களை. சுவரில் கறையான், தரையில் காளான். குட்டி போட்ட நாய்; கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி தாங்காமல் குரைக்கிறது. பசியில் இளைத்த அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு கதவை அடைக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. அடைத்த கதவுக்குள் சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள்.

உணவு இல்லாததைவிட, இல்லாதது வெளியே தெரிவதுதான் அவளை வதைக்கிறது. பசியைப் பற்றி நான் படித்தவற்றில் இந்தக் கதவுக்கு ஈடான இடம் இன்னொன்று இல்லை. உ.வே.சா. 1889-இல் இந்த நூல் அடங்கிய பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் அந்தப் பெண்ணை நாம் எங்கே பார்த்திருப்போம்!

உப்பில்லாத அந்தக் கீரையைப் பாட்டின் நடுவில் வைத்த நூல் வழிகாட்டும் கடற்கரையில்தான் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வெள்ளைக் குவியல்களைப் படம் எடுக்கிறார்கள். பாத்தியில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்களுக்கு வெயில் காலம் மட்டுமே கூலிக் காலம். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி நிரம்பிவிடும், கூலி நின்றுவிடும். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தர அரசு 2022-இல் தொடங்கியது நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் மழை மாதங்கள் முழுவதற்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு அது போதாது. அரசு அந்தத் தொகையை உயர்த்த வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே கையில் சேர்க்க வேண்டும்.