குதிகால் வலிக்கு முதல் மருந்து நாற்காலி

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்தியது போல் சுரீர் என்று வலிக்கும். பத்து அடி நடந்தால் குறையும். சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். அரூர் கடைவீதியில் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஊரில் இதற்குக் குதிகால் வாதம் என்று பெயர்.

பெரும்பாலும் இது வாதம் அல்ல. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடி வரை தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, உடல் எடை, இறுகிய கெண்டைக்கால் தசை, தேய்ந்த செருப்பு எல்லாம் சேரும்போது அந்தப் பட்டை எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்து போகிறது. இரவில் இறுகிய பட்டை காலையில் திடீரென இழுபடுவதால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்றதும் பலர் பயந்து விடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் இந்த முள் உண்டு. அதை வெட்டி எடுக்க வேண்டிய அவசியம் அரிதாகவே வருகிறது.

சிகிச்சை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். எழும் முன் விரல்களைத் துண்டால் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவது, உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழ் உருட்டுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவது. பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் குணமாகி விடுகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையே அறுந்து போகலாம். சூடான செங்கல் மீது எருக்கு இலை வைத்து மிதிப்பது இதமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சுட்டதே தெரியாமல் புண்ணாகி விடும். வீக்கம், காய்ச்சல், மரத்துப் போதல் இருந்தால் மருத்துவரிடம் போவதே நல்லது.

ஆனால் காலையில் பத்து நிமிடம் பயிற்சி செய்து விட்டுப் பத்து மணி நேரம் நின்றால் என்ன பயன்? கேரளம் 2018-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

வாடிக்கையாளர் முன் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். கடைக்கு ஆள் வராத மதிய வேளையில் யாருக்கு அந்த மரியாதை? சில நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடைக்கும். அதைக் கண்ணில் படாத மூலையில் போடாமல் கவுண்டருக்குப் பின்னாலேயே போட வேண்டும். சேலை பார்க்க வருபவர்களும், எடுத்துப் போடும் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.